பழுது நாடும் முறை

மருந்தைப் பற்றி ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், அதனுள் மருந்தின் பெயர் ஒன்றனையேனும் கூறினாரல்லர். அளவறிந்து உண்ணலை வற்புறுத்திய பின்னர், நோய் இன்னதென்று காண்டலையும், அதன் மூலத்தை ஆராய்தலையும், அதன்பின்னரே தணிக்கும் வழியை நாடுதலையும் வரிசைப்படுத்திச் சென்றார். இவ்வரிசையின் அருமையை யான் வகுப்பறையிற் கற்றது சிறிது. சென்ற சில ஆண்டுகளுள் ஒரு கோடைக்காலத்தே, மோட்டார் வண்டி ஒன்றின் பின்னிருக்கையருகே குந்தியிருந்து கற்றது பெரிது. தமிழ் சிறப்பு வகுப்பு மாணாக்கன் ஒருவன் வண்டியின் விசிறியைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், ஒரு சொல்லைப் பிழைபடப் படித்ததனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே போகவிருந்த செய்தி அது; சொல்லைப் படிக்கக் கற்பார்க்கு அது புறம்பானதன்று.

யான் கூறப்போவது ஒன்றே. பழுதின் மூலத்தைக் காணாது பொருளை மாற்றுதல் பழுது நீக்குதல் ஆகாது. அது பிறர் பணத்தைக்கொண்டு ஆடும் சூது. இதனை மெய்ப்பிக்க அவ்விசிறியின் வரலாறே போதும்.

முதற்கண் வண்டியின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். ஹைப்ரிட் வண்டி என்பது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வண்டியாம். பிற வண்டிகளில் பிரேக்கை மிதிக்கும்பொழுது வீணே வெப்பமாய்க் கழியும் ஆற்றலில் ஒரு பகுதியை இது மின்னாக மாற்றிப் பாட்டரியில் சேமித்து வைக்கும். புறப்படும்பொழுது அச்சேமிப்பைச் செலவிடும். 1997ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜப்பான் நாட்டில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் என்னும் வண்டியே இவ்வகையிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்டவற்றுள் முதலாவது. நம் நாட்டிற்கு 2008இல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிடும், 2010இல் பிரியஸும் வந்தன. விலை மிகுதியால் வாங்கினோர் சிலரே. 2022ஆம் ஆண்டிலே ஹோண்டா சிட்டி, மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஆகியவை ஹைப்ரிட் வடிவில் அறிமுகமான பின்னரே தியாகராய நகர்த் தெருக்களிலும் அடையாற்றுச் சாலைகளிலும் இவை பலராலும் காணப்படும் பொருளாயின.

இவ்வண்டியின் உயிர்நிலை அதன் பெரிய பாட்டரி. பிரியஸ் வண்டியின் இரண்டாந் தலைமுறையில், 1.2 வோல்ட் வீதமுள்ள 168 சிற்றறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 201.6 வோல்ட் தருகின்றன. மின்னை ஏற்கும்பொழுதும் தரும்பொழுதும் அவ்வறைகள் சூடேறும். நடுவிலுள்ளவை ஓரத்திலுள்ளவற்றினும் மிகச் சூடேறும். சூடு மிகுந்தால் வண்டியின் கணினி பாட்டரியின் வேலையைக் குறைத்து எஞ்சினை அதிகம் உழைக்கச் செய்யும். பெட்ரோல் செலவு ஏறும். அச்சூடு நெடுநாள் நீடிப்பின் அறைகள் தம் ஆயுளை இழக்கும். இதனைத் தடுப்பதற்கென்றே ஒரு சிறு விசிறி அமைத்திருக்கின்றனர். அது பின்னிருக்கையின் ஓரத்தேயுள்ள ஒரு சல்லடை வாயின் வழியே வண்டிக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிப் பாட்டரியின் இடுக்குகளினூடே செலுத்துகின்றது. சில வண்டிகளில் காற்றிற்கு மாறாக நீர்மத்தைச் செலுத்திக் குளிர்விப்பதும் உண்டு. காற்றினாற் குளிரும் இவ்வகை வண்டியிலோ, பயணி உயிர்க்கும் காற்றையே பாட்டரியும் உயிர்க்கின்றது. அவருக்குப் புழுங்கினால் அதற்கும் புழுங்கும்.

நம் நகரம் இவ்விசிறிக்கு எளிய இடமன்று. 2003ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 பாகை சென்டிகிரேடு வரை ஏறியது. அவ்வளவு ஏறாத நாளிலும், கண்ணாடியை மூடி வெயிலில் நிறுத்திய வண்டியின் உட்புறம் வெளியினும் மிக வெதும்பும். மெட்ரோ இரயிலின் இரண்டாங் கட்ட வேலைக்காக மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, பனகல் பூங்கா ஆகிய இடங்களைத் தோண்டியதனால் எழுந்த புழுதியை நம்மில் அறியாதார் இலர். நாம் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டோம்; விசிறிக்கு அவ்வசதி இல்லை.

இனி நிகழ்ந்ததைக் கூறுவல். என் தாய்மாமன் சாந்தோமில் வாழ்பவர்; பழைய ஹைப்ரிட் வண்டி ஒன்றைக் கடன் பெற்று வாங்கி, வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நண்பகல், திருமண வீட்டார் நால்வரை ஏற்றிக்கொண்டு தியாகராய நகர் நெரிசலில் ஊர்ந்து செல்கையில், வண்டியின் முன்பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மறுநாள் ஒரு பட்டறைக்குச் சென்றார். அங்கிருந்த இளைஞர் ஸ்கேனர் என்னும் கருவியைச் செருகிச் சில நொடி நோக்கி, "பாட்டரி போய்விட்டது, முழுவதும் மாற்றவேண்டும்" என்றார். அவர் கூறிய விலை மாமாவின் ஓராண்டு வருவாயை விழுங்கக்கூடியது. மாமா வீட்டிற்கு வந்து உணவுண்ணாது படுத்துக்கொண்டார். வண்டியை விற்று வேறொருவரிடம் சம்பளத்திற்கு ஓட்டலாமா என்று அத்தையிடம் அவர் வினவியதை யான் கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்த துண்டுக் காகிதத்தில் ஒரு குறி எழுதியிருந்தது: பி0ஏ82. வண்டியின் கணினி தான் கண்ட குறைக்கு இடும் அடையாளம் இது. உலகின் பல நிறுவனங்களும் பொதுவாகக் கையாளும் இக்குறிகளுக்கு நிலைத்த பொருள் உண்டு. பி0ஏ80 என்னும் குறியின் பொருள், பாட்டரித் தொகுதியை மாற்றுக என்பது. பி0ஏ82 என்பதற்கோ, பாட்டரியைக் குளிர்விக்கும் முதல் விசிறியின் செயல் எதிர்பார்த்தபடி இல்லை என்பதே பொருள். இரண்டிற்கும் இடையே வேறுபாடு ஈற்றிலுள்ள ஓர் இலக்கமே. முன்னர் வந்த வண்டிகளில் 80ஐக் கண்டு கண்டு பழகிய வாய், 82ஐக் கண்டபொழுதும் பழைய தீர்ப்பையே கூறிவிட்டது. அவ்விளைஞரை யான் வஞ்சகர் என்று கூறேன். விரைந்து படித்தார், அவ்வளவே. ஆனால் விரைந்து படித்ததன் விலையை அவர் கொடுக்கவில்லை. கொடுக்கவிருந்தவர் என் மாமா.

நம் அளவை நூலார், அறிவு பிறக்கும் வாயில்கள் பலவற்றை எண்ணி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குவர். கண்ணாற் கண்டு அறிவது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் கூறக் கேட்டு அறிவது உரை. கணினி கூறும் குறி இம்மூன்றனுள் உரையைச் சார்ந்தது. அது ஒரு சாட்சியின் வாக்குமூலம். பொய்யாச் சாட்சியாகவே கொள்க. அப்பொழுதும் அது கண்ட அளவே கூறும். விசிறி எதிர்பார்த்தபடி இயங்கவில்லை என்று அது கூறுமேயன்றி, ஏன் இயங்கவில்லை என்று கூறாது. விசிறி கெட்டிருக்கலாம், அதற்கு மின் வாராதிருக்கலாம், காற்று வரும் வழி அடைபட்டிருக்கலாம், வெப்பத்தை அளக்கும் சென்சர் பிழைபட அளக்கலாம். சாட்சி முடிந்த இடத்தில் விசாரணை தொடங்க வேண்டுமேயன்றித் தண்டனை தொடங்கலாகாது.

அவ்விசாரணையைச் செய்தவர் இராயப்பேட்டையில் வண்டிகளின் மின்வேலை செய்யும் ஒரு முதியவர். மாமா அவரைப் 'பாய்' என்று அழைப்பார். அவரிடமும் ஒரு ஸ்கேனர் இருந்தது. ஆனால் அவர் அதனை உடனே எடுத்தாரல்லர். மாமாவை எதிரே அமர்த்தித் தேநீர் வரவழைத்துக் கேள்விகள் கேட்டார். விளக்கு எரிந்தது எந்நேரம்? எத்தனை பேர் இருந்தனர்? குளிர்சாதனம் ஓடிற்றா? மழை வெள்ளத்தில் வண்டி நின்றதுண்டா? கடைசியாக, "தம்பி, இந்த இருக்கைத் துணி எப்பொழுது தைத்தது?" என்றார். "சித்திரையில் தைத்தேன், பாய்" என்றார் மாமா. முதியவர் தலையசைத்தார். விளக்கு எரிந்தது அதற்கடுத்த சில வாரத்தில். இது கருதல் அளவை. அவர் அதன் பெயரை அறியார். அதன் பயனை அறிந்திருந்தார்.

பின்னரே ஸ்கேனரைச் செருகினார். குறியை அழிக்கும் முன்னர், அக்குறி தோன்றிய நொடியில் வண்டியின் நிலை எவ்வாறிருந்தது என்று கணினி பதிந்து வைத்திருந்த குறிப்பைப் படித்தார். பாட்டரியின் வெப்பம் 50 பாகைக்கு மேற்பட்டிருந்தது. இரவு முழுதும் நின்ற வண்டியை மறுநாட் காலையில் கொணரச் செய்து, பாட்டரியிலுள்ள வெப்பச் சென்சர்கள் யாவும் ஏறக்குறைய ஓரளவையே காட்டுகின்றனவா என்று நோக்கினார். குளிர்ந்து கிடந்த வண்டியில் ஒன்றுமட்டும் வேறுபடக் காட்டினால் பழுது அச்சென்சரில் என்று துணியலாம். அவை ஒத்திருந்தன. அறைக் குழுக்களின் மின்னழுத்தத்தையும் வண்டியை ஓட்டிப் பார்த்து ஒப்பிட்டார், பெரிய வேறுபாடில்லை. ஆகவே, 'இறந்தது' என்று கூறப்பட்ட பாட்டரி உயிரோடிருந்தது.

அதன்பின் ஸ்கேனர் வழியே விசிறியை முழுவேகத்தில் சுழலுமாறு ஏவினார். விசிறியின் ஓசை கேட்டது. மாமா மகிழ்ந்தார். முதியவர் மகிழவில்லை. ஒரு மெல்லிய காகிதத்தைச் சல்லடை வாயின்மேல் வைத்தார். காற்று உறிஞ்சப்படின் காகிதம் ஒட்டிநிற்றல் வேண்டும். அது நழுவிக் கீழே விழுந்தது. இவ்வகை விசிறியின் வாயை அடைத்தால், தள்ளுவதற்குக் காற்றின்றி அதன் சுமை குறையும். அதனால் முன்னினும் விரைந்து சுழன்று பேரோசை செய்தலும் உண்டு. ஆதலால் ஓசையும் வேகமும் சான்றல்ல; காற்றே சான்று. புதிய இருக்கைத் துணி சல்லடையைப் பாதிக்குமேல் மூடியிருந்தது. துணியை விலக்கி உள்ளே திறந்தபொழுது, விசிறியின் இதழ்களில் புழுதி கம்பளிபோற் படிந்திருந்தது. தலைமயிரும், மல்லிகை கட்டிய நாரும், உலர்ந்த ரோசா இதழ்களும் அதனுள் கிடந்தன. எத்தனையோ மணமக்களை ஏற்றிச் சென்ற வண்டியன்றோ! துலக்கிச் சேர்த்த பின்னர்க் காகிதம் ஒட்டிநின்றது. யாம் எல்லாரும் கைகொட்டினோம்.

கதை இங்கே முடியுமாயின் அழகாகவே இருக்கும். ஆனால் முடியவில்லை. பன்னிரண்டு நாட் கழித்து, அடையாற்றுத் திரு.வி.க. பாலத்தின்மேல், நண்பகலில், அதே விளக்கு மீண்டும் எரிந்தது. குறியும் அதுவே. "கழுவியும் போகவில்லையே; விசிறியையாவது மாற்றிவிடலாம்" என்று யானே கூறினேன். முதியவர், "மாற்றலாம், தம்பி, ஆனால் விசிறி என்ன குற்றம் செய்தது என்று முதலில் சொல்" என்றார். யான் விடை கூற இயலாது நின்றேன்.

அவர் விசிறிக்கு மின் செல்லும் கம்பியை அளந்தார். கப்ளரைக் கழற்றி அளந்தபொழுது பன்னிரண்டு வோல்ட்டிற்கு மேல் காட்டியது. குறையொன்றும் இல்லை என்றே எவரும் கூறுவர். பின்னர்க் கப்ளரை மாட்டி, விசிறியை முழுவேகத்தில் சுழலவிட்டுக்கொண்டே அளந்தார். எட்டு வோல்ட்டாக வீழ்ந்தது. சுமையில்லாதபொழுது நல்லவனாய் நின்று, சுமை வந்தபொழுது கைவிடும் நண்பனைப் போன்றது துருப்பிடித்த இணைப்பு. கப்ளரைப் பிரித்தால் உள்ளே பசிய களிம்பு. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வண்டியின் தளம் வரை நீர் நின்றதை முதல் நாளே மாமா கூறியிருந்தார். கேள்வி கேட்கப்பட்டது, விடையும் கிடைத்தது, முதற்காரணம் கண்ட மகிழ்ச்சியில் இரண்டாவதை அனைவரும் மறந்தோம். "என் பிழை இது" என்று முதியவர் நாணமின்றிக் கூறிச் சிறு கூலியே பெற்றார். கப்ளரின் முனைகள் மாற்றப்பட்டன. பின்னர் மாமா அதே நேரத்தில், அதே பாலத்தின்மேல், நால்வரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. பழுது நீங்கியது என்று அன்றுதான் முதியவர் கூறினார்.

இதிலிருந்து விளங்குவது யாது? பட்டறையார் கூறியபடி புதிய பாட்டரி வாங்கியிருப்பின், அடைபட்ட வாயும் துருவேறிய இணைப்பும் அவ்வாறே இருந்திருக்கும். புதிய பாட்டரியும் மூச்சுமுட்டி வெதும்பிச் சில கோடையில் மாண்டிருக்கும். யான் கூறியபடி புதிய விசிறி வாங்கியிருப்பின், அதுவும் எட்டு வோல்ட்டில் முனகியிருக்கும். மூலத்தை விடுத்துச் செய்யும் மருத்துவம் நோயைத் தீர்க்காததோடு மருந்தையும் கொல்லும். பணமும் போய்ப் பழுதும் நிற்கும்.

பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் பெயரால் ஒரு நூலகம் உள்ளது. அங்கேயுள்ள ஏட்டுச் சுவடிகளை நம் வகுப்பினர் சிலர் கண்டிருப்பர். 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த அப்பெரியார், பொருள் விளங்காத இடத்தில் தமக்குத் தோன்றிய சொல்லை இட்டு நிரப்பிவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று வேறு படிகளைத் தேடி, ஒப்பு நோக்கி, சான்று கண்ட பின்னரே பாடத்தைத் துணிந்தார். பிழை ஏடெழுதினோன் கையதா, செல்லரித்ததா, அன்றிப் படிப்போன் அறியாமையா என்று பிரித்தறிதலே பதிப்பாசிரியர் கடமை. இராயப்பேட்டைப் பெரியவர் செய்ததும் அதுவே. ஐயத்திற்குரிய சொல்லை மாற்றுதல் எளிது. அது ஏன் ஐயத்திற்குரியதாயிற்று என்று காண்டல் அரிது. அரியதைச் செய்வோரையே புலவர் என்கிறோம். கையிற் கருவி பிடித்துச் செய்வோரை மட்டும் அப்பெயரால் அழைக்க ஏன் தயங்குகின்றோம்?

மறுத்துரைப்பார் கூறுவனவற்றையும் கேட்டல் முறை. ஒரு சாரார், நாளொன்றுக்குப் பல வண்டிகள் வரும் பட்டறையில் இவ்வாறு காகிதம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது என்பர். மற்றொரு சாரார், புதிய பொருளுக்கு நிறுவனத்தின் உறுதிமொழி உண்டு, துலக்கிய பழைய பொருளுக்கு யார் பொறுப்பு என்பர். வேறு சிலர், இருநூறு வோல்ட் உள்ள இடத்தில் தெருவோரத்துத் தொழிலாளி கை வைக்கலாமா என்பர். மூன்றாவது கூற்றை யான் முழுதும் ஒப்புக்கொள்கிறேன். அவ்விசிறி பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவதாயினும், அது உயிர் போக்கும் மின்னருகே அமைந்தது. ஆரஞ்சு நிறக் கம்பிகளைப் பயிற்சியில்லார் தீண்டலாகாது. மின்னைத் துண்டிக்கும் செருகியை ரப்பர்க் கையுறையணிந்து கழற்றி, எஞ்சிய மின் வடியும்வரை நூல் கூறும் நேரம் பொறுத்திருத்தல் வேண்டும். ஆனால் இது பயிற்சி வேண்டும் என்பதற்குக் காரணமேயன்றி ஆராய்ச்சி வேண்டா என்பதற்குக் காரணமன்று.

நேரமில்லை என்னும் முதற் கூற்றிலே உண்மை உண்டு. அவ்வுண்மை நம்மையே குற்றஞ்சாட்டுகின்றது. நாம் பொருளுக்குப் பணம் கொடுக்கிறோம், அறிவிற்குக் கொடுப்பதில்லை. ஒருவர் ஒருநாள் முழுதும் ஆராய்ந்து, துருப்பிடித்த முனை ஒன்றை மாற்றிக் கூலி கேட்டால், "இதற்கா இவ்வளவு?" என்கிறோம். அரைமணியில் பெரிய பெட்டியொன்றை மாற்றி இலட்சக்கணக்கிற் கேட்டால், பெட்டி பெரிதாயிற்றே என்று கொடுத்துவிடுகிறோம். இவ்வாறாயின் ஆராயும் தொழிலாளி பட்டினி கிடப்பார்; மாற்றும் தொழிலாளி மாடி கட்டுவார். உறுதிமொழி பற்றிய கூற்றிற்கும் விடை இதுவே. பொருளுக்கு உறுதி தரும் பட்டறை, தன் தீர்ப்பிற்கும் உறுதி தரட்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். ஒன்று, குறியையும் அது தோன்றிய நொடியின் குறிப்பையும் அழிக்கும் முன்னர் எழுத்தில் உரியவரிடம் கொடுத்தல் வேண்டும். இரண்டு, எப்பொருளை மாற்றினும், அது கெட்டதென்று எந்தச் சோதனையால் தெரிந்தது என்று ஒருவரியேனும் எழுதி, பழைய பொருளைத் திருப்பித் தருதல் வேண்டும். மூன்று, ஆராய்ச்சிக்கென்று தனிக்கூலியை நாம் முகஞ்சுளிக்காது கொடுத்தல் வேண்டும். வண்டியுடையாரும் தம் கடனை மறத்தலாகாது. இருக்கையருகேயுள்ள சல்லடையைத் துணியாலும் பையாலும் மூடாதிருத்தலும், வெயிற்காலத்திற்கு முன்னர் அதனைத் துலக்கச் செய்தலும், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அது முன்புறத்து ரேடியேட்டர் விசிறியைப் பற்றியதா பின்புறத்துப் பாட்டரி விசிறியைப் பற்றியதா என்று முதற்கண் கேட்டலும் செலவில்லாக் காப்புகள்.

தமிழ் மாணாக்கர்க்கு உரிய கடன் ஒன்றும் உண்டு. 82ஐ 80 ஆகக் கண்ட அவ்விளைஞருக்கு அக்குறியின் பொருள் தாய்மொழியில் எழுதப்பட்டிருந்ததில்லை. அவர் தொழிலைச் செவிவழியே கற்றவர். ஆங்கிலத்தில் உள்ள பெருநூல்கள் அவர்க்கு எட்டாக்கனி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மிஷன் மருத்துவராயிருந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் துரை (1822–1884), மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அயல்நாட்டார் ஒருவர் மனித உடலுக்குச் செய்ததை, நாம் நம்மவர் கையிலுள்ள வண்டிக்குச் செய்தல் ஆகாதா? கிண்டி முதலிய இடங்களிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தாரோடு கூடி, ஹைப்ரிட் வண்டியின் பழுதறி நூல் ஒன்றைத் தமிழில் எழுதலாம். அதில் யாரும் வழங்காச் சொற்களைப் படைத்து இடர்ப்படுத்துதல் வேண்டா. 'கப்ளர்' என்றும் 'எர்த்' என்றும் தொழிலாளர் வாயில் வாழும் சொற்களே இருக்கட்டும். வாக்கியம் தமிழாகவும் பொருள் ஐயமறவும் இருக்கட்டும்.

முடிவாக, லூக்கா சுவிசேஷத்துப் பதின்மூன்றாம் அதிகாரத்திலுள்ள அத்திமர உவமையை நினைவூட்டுகின்றேன். மூன்றாண்டு கனி காணாத மரத்தை வெட்டிவிடுமாறு உடையவன் கூறினான். தோட்டக்காரனோ, இவ்வோராண்டு விட்டுவைத்தால் சுற்றிலும் கொத்தி எருவிட்டுப் பார்ப்பதாகவும், பின்னும் கனி தராவிடின் வெட்டலாம் என்றும் வேண்டினான். அவன் ஒருகாலும் வெட்டலாகாது என்று கூறவில்லை. வேரைப் பாராது வெட்டவேண்டா என்றே கூறினான். கெட்ட பாட்டரியை மாற்றத்தான் வேண்டும். ஆயினும் கெட்டது அதுதான் என்று முதலிற் காண்போமாக. என் மாமாவின் வண்டி இன்றும் சாந்தோமிலிருந்து காலையிற் புறப்படுகின்றது. அதன் பின்னிருக்கையின் ஓரத்தே, சல்லடை வாய்க்கு நேராக, புதிய துணியில் ஒரு சாளரம் வெட்டித் தைக்கப்பட்டுள்ளது. அத்தை தைத்தது அது.